கேட்காமல் எடுத்தது

சேவூரில் எங்கள் தெருக் கோடியில், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவரின் ஆறு வயது மகன் வீடு திரும்பியிருக்கிறான். அவனுக்குப் பிறவியிலிருந்தே தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிறர் ரத்தம் ஏற்றித்தான் வளர்த்தார்கள். இப்போது நான்கு வயதுத் தங்கையை மயக்கத்தில் படுக்க வைத்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி எடுத்து அவனுக்கு ஏற்றியிருக்கிறார்கள். தலையில் முடியில்லை; வாயை மூடித் துணி. நூறு நாள் கண்டம் தாண்ட வேண்டுமாம். காலண்டரில் தினமும் ஒரு தேதியை அடித்துக்கொண்டு வருகிறார் தகப்பனார். நான் போனது அறுபத்தோராம் நாள்.

சிறுமியின் கன்னத்தைத் தட்டி, "அண்ணனுக்கு உயிரையே தானம் கொடுத்தவள் ஆயிற்றே!" என்றேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட வாக்கியங்கள் தாமாக வந்துவிடும்.

திண்ணையில் இருந்த அப்பத்தா என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏனுங் தம்பி, அவ எங்கீங்க குடுத்தா? நாமதானுங்க எடுத்தோம்."

"மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும், ஆத்தா. குழந்தைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை."

"எம்பட முருங்கையுந்தான் திரும்பத் துளுக்குது. அதுக்காவக் கேக்காமப் பறிப்பாங்களா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1983-ல் பம்பாய் டாடா மருத்துவமனையிலும், 1986-ல் வேலூரிலும் நம் நாட்டில் தொடங்கிய சிகிச்சை இது. உடன்பிறந்தவர் ஒருவருடைய மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அது பொருந்தும்போது எந்தத் தாய் தயங்குவாள்? ஆமதாபாத்தில் ஒரு பெற்றோர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தலசீமியா கண்ட மகனுக்குப் பொருந்தும் கருவைச் சோதனைச்சாலையில் தேர்ந்தெடுத்து, 2018-ல் ஒரு பெண்ணைப் பெற்றார்கள். அவள் எடை பத்துக் கிலோவாவது ஏறட்டும் என்று காத்திருந்து, 2020 மார்ச்சில் மஜ்ஜை எடுத்தார்கள். பையன் தேறினான். மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்று ஜெர்மன் ஞானி காண்ட் 1785-லேயே எழுதி வைத்தார். 'வெறும்' என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பெண்ணை அவர்கள் மகளாகவும் கொஞ்சுகிறார்கள் என்றால், காண்ட் என்ன சொல்வார்? எனக்கு அவர்களைக் குறை சொல்ல நா எழவில்லை. ஆனால் அப்பத்தாவின் கேள்வியும் என்னை விட்டுப் போகவில்லை.

நமக்கு அடுத்த ஊரான அவிநாசியின் கதை நினைவுக்கு வந்தது. மடுவில் இறங்கிய இரண்டு பாலகர்களில் ஒருவனை முதலை விழுங்கிற்று. மற்றவனுக்குப் பூணூல் கல்யாணம் நடந்த நாளில், எதிர் வீட்டில் அழுகுரல் கேட்டார் சுந்தரர். அவர் பாட, முதலை அந்த வருஷங்களின் வளர்த்தியோடு பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. மீண்ட பிள்ளையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். தனியாகக் கரையேறி வீட்டுக்கு ஓடி வந்தவன்? அத்தனை வருஷமும் எதிர் வீட்டு ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றானே, அவனை யார் விசாரித்தார்கள்?

அண்ணன் உடம்பு மஜ்ஜையை ஏற்காமல் போயிருந்தால், இந்தச் சிறுமியின் கதியும் அதுவாகியிருக்கும். "உன்னுடையது பிடிக்கவில்லை" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் மௌனமே சொல்லிவிடும். கேட்காமல் எடுக்கத் தாய் தகப்பனுக்கு உரிமை உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த உரிமை ஒரு கடனோடு வருகிறது. அவளுக்கு விவரம் தெரியும் வயதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் கோபித்தால், அந்தக் கோபத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் செய்தது போலத் தியாகப் பட்டம் சூட்டி வாயடைக்கக் கூடாது.

எண்பத்து மூன்றாம் நாள் மறுபடி போனேன். பையனுக்குப் புருவம் முளைத்திருந்தது. அவனுடைய ரத்த வகைகூடப் போகப்போகத் தங்கையின் வகையாக மாறிவிடுமாம். கைக்குழந்தைக்குப் போலத் தடுப்பூசிகளையும் முதலிலிருந்து போட வேண்டுமாம். தகப்பனார் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே சண்டை. நூற்கண்டு அட்டையில் செய்த வண்டிக்காக. வண்டியை அவன் விடவில்லை.

"அப்படீன்னா என்ற ரத்தத்தைத் திருப்பிக் குடு!" என்று கத்தினாள் அவள்.

தாய் பதறி எழுந்தாள். அப்பத்தா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உடு. அவ கேக்கட்டும்."