களையும் கீரையும்

நிலத்தை உழாது, விதை விதையாது வாழ்ந்த மாந்தர் ஓயாத பசியில் உழன்றனர் என்பது பலர் உள்ளத்திற் பதிந்த எண்ணமாகும். தொல்லியற் சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை. இலங்கையின் பட்டதொம்பலெனைக் குகையில் காட்டு ஈரப்பலா, கெக்குன, காட்டு வாழை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்துள்ளன. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலும், வேடரின் உணவிற் காட்டுக் கிழங்கும் தேனும் பெற்ற இடத்தை எடுத்துரைக்கின்றது. கிழங்கு மாப்பொருளையும், கொட்டை கொழுப்பையும், இலை கல்சியம், இரும்பு, கரோட்டின் ஆகியவற்றையும் அளித்தன. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைத்தது.

இவ்வுண்மையை வட்டகொடையில் நின்று நோக்கும்போது அஃது அறம்பற்றிய வினாவாக மாறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலையகக் காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை கான் ஓரங்களும் மலைச்சரிவின் விளிம்புகளுமே. அங்கு முளைக்கும் வல்லாரையும் பொன்னாங்காணியும் தோட்டக் கணக்கிற் களைகள். லயத்து அடுப்பிற் கீரைகள். ஒரே செடிக்கு இரு பெயர்கள் வழங்குமாயின், அவற்றுள் எப்பெயர் செல்லுபடியாகும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? களைநாசினி தெளிக்கப்படும் நாளில் அதற்கு விடை கிடைத்துவிடுகின்றது.

பறித்துண்ணும் கீரையை வறுமையின் அடையாளமெனக் கருதி நாணுவோர் ஒருசாரார். அதனை இயற்கையின் அருங்கொடையெனப் போற்றுவோர் மற்றொரு சாரார். முன்னையது அறியாமை. பின்னையதோ, எல்லை கடக்குமாயின், கொடுமையாகவும் முடியலாம். நூறு கிராம் கீரை தரும் சக்தி பெரும்பாலும் 50 கலோரியைத் தாண்டாது. அதே நிறையுள்ள அரிசி ஏறத்தாழ 350 கலோரி தரும். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது, அரிசியும் மாவும் அருகிய தோட்டங்களில் இறப்புகள் பெருகின. அரிசியின் இடத்தைக் கீரை நிரப்பிவிடாது. ஆகவே, கீரையின் சத்தைப் புகழ்ந்துரைத்துக் கூலியின் குறையை மறைப்பது அறமன்று.

கீரையிலுள்ள இரும்பும் உண்ட அளவு முழுவதாக உடலிற் சேர்வதில்லை. தேசிக்காய்ப் புளி அதன் உறிஞ்சலை மிகுவிக்கும். உணவோடு அருந்தும் தேநீரோ அதனைக் குறைக்கும். கொழுந்து பறிக்கும் பெண் கீரைக் கறியோடு சோறுண்டு, உடனே சாயத் தண்ணீரும் அருந்துவாளாயின், அவளது உழைப்பின் விளைபொருளே அவளது குருதிக்குரிய இரும்பைத் தடுத்துவிடுகின்றது. தேநீரைச் சற்றுப் பிந்தி அருந்துக என்னும் எளிய அறிவுரை பயனுடையதே. ஆயினும், அவ்வாறு பிந்துவதற்குரிய ஓய்வுநேரம் அவளுக்கு உண்டா என்பதையும் அறிவுரை கூறுவோர் வினவுதல் வேண்டும்.

வேட்டையாடி உணவு தேடியவனுக்குக் காடு முழுவதும் உணவுக் களமாயிருந்தது. ஒன்று கிடையாதபோது மற்றொன்றைத் தேடிச் செல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. அவ்வுணவின் பெறுமதி அதன் சத்துக்களில் மட்டுமன்றி அத்தெரிவிலும் தங்கியிருந்தது எனலாம். தோட்டத் தொழிலாளிக்குக் கீரையைப் பற்றிய அறிவு இன்றும் குறைவில்லை, குறைவானது நிலமே. நிலமும் போதிய ஊதியமும் உடையவன் விரும்பிப் பறிக்கும் கீரை உணவாகும். வேறு வழியின்றிப் பறிக்கப்படும் அதே கீரை, சத்து நிறைந்ததாயினும், ஒரு சமுதாயத்தின் மீதான குற்றச்சாட்டாகவே அமையும்.