வேலை நடக்கிற இடம் அது

டோக்கியோவுக்குப் பயணச்சீட்டு போட்டவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டொயோசு மீன் சந்தையோ சுகிஜி வெளிச்சந்தையோ உங்கள் திட்டத்தில் இருந்தால், அவை சுற்றுலாத் தலங்கள் என்ற நினைப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே நிற்கிறவர்கள் உங்களுக்காக வேடம் போட்டு நிற்கவில்லை. இரவெல்லாம் லாரிகளில் வந்து இறங்கிய மீனைத் தரம் பிரித்து, விலை பேசி, மதியச் சாப்பாட்டுக்குள் கடைகளுக்குப் போய்ச் சேரும்படி அனுப்பி வைக்கிறவர்கள் அவர்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் அங்கே விலை உண்டு.

டொயோசுவில் நடக்கும் சூரை மீன் ஏலத்தையே பாருங்கள். அதிகாலை ஐந்தரை வாக்கில் தொடங்கும். அதற்கு முன்பே வாங்குகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் சிறு டார்ச்சும் கொக்கியுமாக, வரிசையாகக் கிடக்கும் மீன்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடப்பார்கள். வாலை வெட்டிய இடத்தில் வெளிச்சம் அடித்துச் சதையின் நிறத்தைப் பார்ப்பார்கள். துணுக்குச் சதையைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, கொழுப்பு எப்படி உருகுகிறது என்று கவனிப்பார்கள். மீனை அறுத்துப் பார்க்காமலே உள்ளே இருப்பதைத் தீர்மானிக்க அவர்களுக்குக் கிடைக்கிற தடயம் இவ்வளவுதான். பிறகு மணி அடிக்கும். ஏலம் கூறுகிறவர் ராகம் இழுத்தபடி விலை சொல்ல, வாங்குகிறவர்கள் விரல்களை மடக்கியும் நீட்டியும் தொகையைக் காட்டுவார்கள். ஒரு மீன் கைமாறச் சில விநாடி போதும். அந்த விநாடியில் யாரோ ஒருவர் ஃபிளாஷ் அடித்தால் காட்டிய விரல் கண்ணுக்குத் தெரியாது. உங்களுக்கு அது ஒரு படம். விரல் காட்டியவருக்கோ அன்றைய வியாபாரமே கைவிட்டுப் போகலாம்.

2019-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. புத்தாண்டு ஏலத்துக்கென்று ஒரு கௌரவம் உண்டு, விளம்பரமும் உண்டு. மற்ற நாட்களில் விலை அந்த உயரத்தைத் தொடுவதில்லை. இருந்தாலும் தரையில் கிடக்கிற ஒவ்வொரு மீனும் ஒருவர் போட்ட முதல். சமைக்காமல், பச்சையாகவே யாரோ ஒருவர் வாய்க்குள் போகப்போகிற உணவு. அதன்மேல் கை வைக்க நமக்கு என்ன உரிமை?

பயணிகள் கை வைத்தார்கள் என்பதுதான் வேதனை. 1923 நிலநடுக்கத்தில் நிஹோன்பாஷி மீன் சந்தை அழிந்தபின், 1935-இல் திறக்கப்பட்டது சுகிஜி. வேலைக்காகக் கட்டிய இடம். உலகம் முழுவதும் அதன் பெயர் பரவியதும் கூட்டம் வந்தது. மீனைத் தொட்டார்கள், கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள், குடித்துவிட்டு வந்து மீனின் தலையை நக்கியவரைப் பற்றிக்கூடச் செய்தி வந்தது. சந்தைக்குள் சரக்கு இழுக்கும் ‘டாரே’ என்ற குட்டி வண்டிகளின் குறுக்கே நின்று படம் பிடித்தார்கள். ஓட்டுகிறவர் நின்றபடியே வட்டமான ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு, பின்னால் தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு வேகமாக வருவார். செல்ஃபிக்காக ஓரடி பின்னால் வைக்கிற காலுக்கு அங்கே இடம் கிடையாது. 2008 டிசம்பரில், ஆண்டின் மிகப் பரபரப்பான வாரங்களில், ஏலத்தைப் பார்க்க வெளியாட்கள் வரக்கூடாது என்று சந்தை கதவைச் சாத்தியது. அடுத்த மாதம் திறந்தது. 2010-இல் மறுபடி ஒரு மாதம் சாத்தியது. பிற்பாடு நாளொன்றுக்கு 120 பேர்தான், முதலில் வந்தவர்களுக்கே இடம் என்று வரம்பு வைத்தது. நல்லபடியாக வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடியவர்களும் அதனால் ஏமாந்து திரும்பினார்கள்.

2018 அக்டோபரில் மொத்த வியாபாரம் டொயோசுவுக்கு மாறியது. அங்கே பார்வையாளர் மேல்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்; இன்னும் கிட்டத்தில் நின்று பார்க்க முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் இடம் பெற வேண்டும். கண்ணாடி வந்ததற்குப் பயணிகள் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. திறந்தவெளியாகக் கிடந்த பழைய சந்தையில் வெயிலையும் தூசியையும் தடுக்க முடியவில்லை. குளிர் குறையாத மூடிய கட்டடம் தேவைப்பட்டது. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது எரிச்சல்படாதீர்கள். மீனுக்கு அது நல்லது. அங்கே வேலை செய்கிறவருக்கும் நல்லது.

எனக்குக் கவலையெல்லாம் கண்ணாடி இல்லாத இடத்தைப் பற்றித்தான். சுகிஜியில் வெளிச்சந்தை இன்னமும் இருக்கிறது. குறுகிய சந்துகள், கத்திக் கடை, காய்ந்த மீன் கடை, முட்டை ஆம்லெட் கடை. காலை ஒன்பது மணிக்கு முன் அங்கே வருகிறவர்களில் பலர் உணவகக்காரர்கள். அன்றைக்குச் சமைக்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். பொதுமக்கள் ஒன்பதுக்குப் பிறகு வாருங்கள் என்று சந்தைக்காரர்களே கேட்டுக்கொள்கிறார்கள். நடந்துகொண்டே சாப்பிட வேண்டாம், வாங்கிய கடை வாசலிலேயே நின்று சாப்பிடுங்கள் என்கிறார்கள். இதற்குமேல் எப்படிப் பணிவாகக் கேட்பது? கியோட்டோவில் கியோன் பகுதி மக்களும் பணிவாகத்தான் கேட்டார்கள். பயணிகள் காதில் வாங்காததால் 2024-இல் அங்குள்ள தனியார் சந்துகளை அவர்களுக்கு அடைத்தார்கள். மீறினால் அபராதம் என்று பலகை வைத்தார்கள். சுகிஜிச் சந்துகளுக்கும் அந்த நிலை வரவிடாதீர்கள்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், சொன்ன விலையில் பாதியைக் கேட்பதும் நம் ஊரில் கெட்டிக்காரத்தனம். மீன்காரம்மாவுக்கும் அது தெரியும். அவரும் பதிலுக்குப் பேசுவார். அங்கே அந்தக் கையை மடக்கி வையுங்கள். எழுதிப் போட்ட விலைதான் விலை. பிடித்திருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் வழியை விட்டு நகருங்கள். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு சந்துக்குள் போகாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள்.

சுகிஜிச் சந்தையை ஒட்டி நமியோகே என்ற சிறு ஷிண்டோ ஆலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் வரிசையாகக் கற்கள். சுஷிக்காக உயிர்விட்ட மீன்களுக்கு ஒன்று, இறாலுக்கு ஒன்று, முட்டைக்குக்கூட ஒன்று. வியாபாரத்தில் தாங்கள் கொன்றும் விற்றும் பிழைக்கிற உயிர்களுக்கு நன்றி சொல்ல அந்தத் தொழில்காரர்கள் நட்டவை. அந்தக் கற்களை நட்டவர்களின் கண்ணெதிரேதான் பயணிகள் செத்த மீனைக் கட்டிப்பிடித்துப் பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்கள். சந்தைக்காரர்கள் முகம் சுளித்ததில் என்ன ஆச்சரியம்? சந்தைக்குள் நுழையும் முன் பத்து நிமிடம் அந்த ஆலயத்தில் நில்லுங்கள். எங்கே வந்திருக்கிறோம் என்பது உங்களுக்கே புரியும்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். உலகத்தில் மீனை இவ்வளவு கவனமாகக் கையாளுகிற இடங்கள் குறைவு. ஃபிளாஷை அணைத்துவிட்டுப் போங்கள். கேமராவைத் தூக்கும் முன் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவர் கையை ஆட்டி மறுத்தால் கோபித்துக்கொள்ளாமல் கேமராவைப் பையில் போடுங்கள். வண்டி வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள். அங்கே ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள், குச்சியையும் தட்டையும் வாங்கிய கடையிலேயே கொடுங்கள். உங்களுக்கு அடுத்து அங்கே போகப்போகிற தமிழரையும் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வரவேற்கும்படி நடந்துகொண்டு வாருங்கள்.