பார்வையின் பொறுப்பு

யுத்தத்திலே வீரம் என்று எதைச் சொல்கிறோம்? சாவுக்கு அஞ்சாமையே வீரம் என்பது பொதுவான விடை. அது போதிய விடைதானா என்பதைப் பீரங்கிப் படைக்கு வானிலிருந்து இலக்குக் காட்டியவர்களின் தொழிலை வைத்து ஆராய விரும்புகிறோம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பீரங்கிகள் பல மைல்களுக்கு அப்பால் நின்று சுட்டன. சுட்டவனுக்கு இலக்குத் தெரியாது. கண்டு சொல்ல வேறொருவன் வேண்டியிருந்தது. அமெரிக்கப் படையில் அவன் ஏறிச் சென்றது எல்-4 என்னும் சிறு விமானம். 65 குதிரைவலு எஞ்சின், துணி போர்த்திய உடல், கவசமுமில்லை, துப்பாக்கியுமில்லை. எதிரிக்கு மேலே மெதுவாக வட்டமிட்டபடி, குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, 'இன்னும் வலப்புறம், இன்னும் முன்னே' என்று வானொலியில் திருத்தம் சொல்வதே அவன் வேலை. அவன் மேலே நிற்கும்வரை ஜேர்மன் பீரங்கிகள் பல வேளைகளில் மௌனம் சாதித்தன; சுட்டால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடும். ஆயுதமற்ற ஒருவனின் பார்வைக்கு அத்தனை வலிமை இருந்தது.

இத்தகைய விமானத்தை ஓட்டியவர்களுள் ஒருவர் சார்ள்ஸ் கார்பென்ரர். யுத்தத்துக்கு முன்னர் இலினோய் மாநிலத்தில் சரித்திர ஆசிரியராக இருந்தவர். தம் விமானத்தில் ஆறு பசூக்காக் குழாய்களைப் பொருத்திக்கொண்டார். 1944 செப்டெம்பர் 20ஆம் திகதி, பிரான்சின் லொறேன் பகுதியிலுள்ள அராக்கூர் அருகே மூடுபனி விலகியதும், முன்னேறிவரும் ஜேர்மன் தாங்கிகளைக் கண்டார். கீழிருந்து வந்த சூட்டினூடே மீண்டும் மீண்டும் தாழப் பாய்ந்து, மூன்று பயணங்களில் 16 றொக்கற்றுகளை ஏவினார். பத்திரிகைகள் அவரை 'பசூக்கா சார்ளி' என்று கொண்டாடின.

அவர் துணிவு மெய்யானது. ஆனால் ஹிட்லரின் படையிலும் சாவுக்கு அஞ்சாதவர்கள் இருந்தார்கள். கார்பென்ரரின் துணிவை மனிதகுலம் தன்னுடையதாகக் கொள்வதற்குக் காரணம், அது பாசிசத்தின் பிடியிலிருந்து ஐரோப்பாவை மீட்கும் போரில் செலவிடப்பட்டமையே.

இங்கே ஒரு தடை எழும். 1967 பெப்ரவரி 24ஆம் திகதி, தென்வியட்நாமில் டாலாட் அருகே, விமானத் தாக்குதலுக்கு இலக்குக் காட்டிவந்த ஹில்லியாட் வில்பாங்ஸ் என்ற அமெரிக்கர், தரையில் சிக்கிய படையினரைக் காக்க முனைந்தார். புகைக் குண்டுகள் தீர்ந்தபின் சன்னல் வழியே துப்பாக்கியால் சுட்டு, அதிலேயே உயிரிழந்தார். இது வீரமன்றா? தோழருக்காக உயிரீந்த அத்தனிமனிதப் பண்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பண்பு அந்த யுத்தத்தை நியாயமாக்காது. இறந்தவனின் மார்பில் பதக்கம் சூட்டி, அதன் ஒளியில் தன் கறையை மறைப்பது ஏகாதிபத்தியத்தின் பழைய தந்திரம்.

இலக்குக் காட்டுபவனுக்கு இன்னுமொரு பொறுப்பு உண்டு. 'நான் காணவில்லை' என்று பீரங்கிக்காரன் சொல்லலாம். இவன் சொல்ல முடியாது. கீழே தெரிவது தாங்கியா, நெல்வயலா, குழந்தைகள் உறங்கும் குடிசையா என்பதை அறியக்கூடியவன் இவனே. சில வேளைகளில் சுடச் சொல்லாதிருப்பதற்கே அதிக நெஞ்சுரம் வேண்டும். அதற்குப் பதக்கம் கிடைப்பதில்லை.

இன்று ஆளில்லா விமானங்கள் இலக்குக் காட்டுகின்றன. பார்ப்பவன் ஆபத்தில்லாத அறையில் அமர்ந்திருக்கிறான். சாவை எதிர்கொள்ளும் துணிவு அவனுக்குத் தேவையில்லாமற் போயிற்று. பார்வையின் பொறுப்போ அணுவளவும் குறையவில்லை. அஞ்சாமையும் அறமும் வேறுவேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது எது?

கார்பென்ரர் யுத்தத்தின்பின் நோயுற்ற உடலோடு வகுப்பறைக்குத் திரும்பி, மீண்டும் சரித்திரம் கற்பித்தார், 1966இல் மறைந்தார். சரித்திரம் கற்பிப்போரும் கற்போரும் வீரர் கதைகளை விட்டுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு கதையோடும் இரண்டு வினாக்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்: அவன் எதைக் கண்டான்? கண்டதை யாருக்காகச் சொன்னான்?