சுவாமிமார் இல்லாத காலத்து விசுவாசம்

ஊட்டி மறைமாவட்டத்துக் குரு ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது பதின்வயதுப் பெண்ணிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக 2015இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனைக்குப் பின் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே அவர்மீதான இடைநீக்கத்தைத் திருச்சபை விலக்கிக்கொண்டது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் நம் மலையகத் தோட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களில் பலர் குடியமர்ந்தது ஊட்டி இருக்கும் அந்த நீலகிரியில்தான். ஆகவே அந்தக் குருவின் கதையை வேற்றூர்க் கதை என்று மாத்தளைக் கத்தோலிக்கர் ஒதுக்கிவிட முடியாது.

இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் பங்குகளில் ஒரு பேச்சு எழும்: "வெளியே சொல்லாதீங்க, கோவிலுக்கு அவமானம். பிள்ளைகளின் விசுவாசம் போயிடும்." குருக்களுக்குத் துணைநிற்பது விசுவாசியின் கடமைதான். குற்றத்தை மூடுவது அந்தத் துணையில் சேராது. அப்படி மூடுகிறவருக்கு விசுவாசத்தின்மீதே நம்பிக்கை குறைவு.

விசுவாசம் எளிதில் உடையாது என்பதை அறிய உரோமைக்குப் போக வேண்டியதில்லை, கலேவலைப் பக்கம் வஹாகோட்டைக்குப் போனால் போதும். கண்டி மன்னரின் நாட்டில் குடியேறிய போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் அங்கே உண்டு. 1658இல் ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினர்; குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தீவின் பெரும்பகுதியில் திருப்பலி நிறைவேற்ற ஆளில்லை. 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யோசப் வாஸ் அடிகளார் வந்திறங்கினார். 1692இல் கண்டிக்கு வந்தவரை உளவாளி என்று சிறையிலிட்டார்கள். அவர் தேடிவந்த மக்களிடம் செபம் எஞ்சியிருந்தது, செபமாலை எஞ்சியிருந்தது. காத்தவர்கள் பொதுநிலை விசுவாசிகள். குருவே இல்லாமல் ஒரு தலைமுறை தாங்கிய விசுவாசம், ஒரு குருவின் குற்றம் வெளியே வந்தால் உடைந்துவிடுமா?

தவறிழைத்தவர் கையால் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா என்ற கவலையும் பழையதுதான். தவறிய குரு தரும் அருள்சாதனம் செல்லாது என்ற தொனாத்துவாதிகளோடு வாதாடிய புனித அகுஸ்தீன், அருள்சாதனத்தைத் தருபவர் கிறிஸ்துவே, கொடுக்கும் கையின் அழுக்கு அதைக் கெடுக்காது என்று தெளிவாக்கினார். (அந்த வாதத்தைக் குற்றவாளிக்குக் குடையாகப் பிடிப்போரும் உண்டு. அவர் எழுதியது அதற்கல்ல.) தம்மையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பரின் வாயிலிருந்து மந்தையை மீட்பேன் என்கிறார் எசேக்கியேல் நூலின் கடவுள். வள்ளுவர் துறந்தாரின் பெருமைக்கு மூன்றாம் அதிகாரத்தைத் தந்தார். பொய்த் துறவைச் சாட இன்னோர் அதிகாரமே ஒதுக்கினார். துறவை மதித்ததால்தான் இரண்டையும் எழுதினார். சிலம்பின் பாண்டியனை எண்ணிப் பாருங்கள். வாயிலில் நீதி கேட்டு நின்றவளை ஆட்சிக்கு இழுக்கு என்று அவன் துரத்தவில்லை. உள்ளே அழைத்தான், கேட்டான், சிலம்பு உடைந்ததும் தன் பிழையைத் தானே சொன்னான். எத்தனை ஆயர் இல்லங்களின் வாயில் அப்படித் திறந்தது?

பொய்ப் புகாரும் வரலாம். தீர்ப்புக்கு முன் எவரையும் குற்றவாளி என்னக் கூடாது. சரி. புகார் மெய்யா பொய்யா என்பதை விசாரணையே சொல்லட்டும்.

உண்மையான ஆதரவு யாருக்குத் தேவை என்பதைப் பிரான்சின் சுயாதீன ஆணைக்குழு 2021இல் காட்டியது. எழுபது ஆண்டுகளில் பணியாற்றிய ஏறத்தாழ 1,15,000 குருக்கள், துறவியரில் குற்றம் புரிந்தோர் 3,000 பேரளவு என்றும், அவர்களால் பாதிக்கப்பட்ட சிறார் 2,16,000 பேர் என்றும் அது மதிப்பிட்டது. மிகப் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள். ஆயினும் அந்தச் சிலரை ஊர் ஊராக மாற்றி ஒளித்தபோது, மற்ற எல்லாருடைய அங்கிமீதும் சந்தேகம் படிந்தது. லயத்துக்கு நோயில்பூசுதல் கொடுக்க மழையில் ஏறிப்போகும் சுவாமி இன்று பஸ்ஸில் கூசி உட்கார வேண்டியிருக்கிறது. அவரைக் கூசவைத்தது, புகார் சொன்ன பிள்ளையா, மறைத்த மேலிடமா?

2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், குருக்களும் துறவியரும் இத்தகைய புகாரைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டமாக்கினார். இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உண்டு. அதன் தொலைபேசி இலக்கம் 1929. ஜூன் 13இல் வஹாகோட்டை அந்தோனியார் திருநாளுக்குப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வரும் தாய்மாரின் கண்ணில் படும்படி, திருப்பலி நேரங்கள் ஒட்டிய பலகையில் அந்த நான்கு இலக்கங்களையும் எழுதிவைக்கலாம். பங்குச் சுவாமியே தம் கையால் எழுதினால் இன்னும் நல்லது.