ஆளில்லா நிலம்

ஒரு கலைப்படைப்பு, தான் பொய் சொல்லாமலே, ஒரு பொய்க்கு உடந்தையாக இருக்க முடியுமா? நிலக்காட்சிப் புகைப்படங்களின் முன் இக்கேள்வி எனக்குக் கூர்மையடைகிறது. எதிரே இருப்பதைத் தவிர வேறெதையும் காமிரா பதிவதில்லை என்ற நம்பிக்கையோடுதானே அவற்றைப் பார்க்கிறோம்.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். 1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ், 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்று எடுத்த படங்களை நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்குப் போனதில்லை. 1864-ல் அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிய சட்டத்தில் கையெழுத்திட்ட லிங்கனும் போனதில்லை. அச்சட்டத்துக்கு ஆதரவு திரண்டதில் இப்படங்களுக்குப் பங்குண்டு என்பார்கள். அசையா நீரில் தலைகீழாக நிற்கும் பாறை. புல்வெளியில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் மரங்கள். யாரோ திட்டமிட்டு அமைத்த தோட்டத்தின் ஒழுங்கு. பெரும்பாலான படங்களில் ஆள் இல்லை.

ஆள் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1851-ல் மரிப்போசா பட்டாளம் என்ற ஆயுதப்படை உள்ளே புகுந்து, அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடில்களையும் அவர்கள் உணவுக்குச் சேமித்திருந்த ஓக் கொட்டைகளையும் எரித்து, அவர்களை விரட்டியது. பிறகு சிலர் திரும்பி வந்து ஓரமாக வாழ்ந்தார்கள். வாட்கின்ஸ் தம் தகட்டில் எதையும் திருத்தி இந்த வெறுமையை உண்டாக்கவில்லை. அதை இயற்கையின் ஆதிநிலை என்று படித்துக்கொண்டது பார்வையாளன்.

அந்தத் தோட்ட ஒழுங்கும் தானாக வந்ததல்ல. அம்மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புதர்களுக்குத் தீ வைத்து வெளிகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். தீ நின்றதும் மரங்கள் நெருங்கின. பள்ளத்தாக்கின் முதல் காவலரான கேலன் கிளார்க்கே, 1890-களில், புல்வெளிகள் சுருங்கிவிட்டதை எழுத நேர்ந்தது.

யோசெமிட்டியிலேயே 1926-ல் திறந்த அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பையூட், மிவொக் மரபில் வந்த லூசி டெல்லஸ், நான்காண்டு உழைத்து 1933-ல் முடித்த கூடை அதன் சேகரிப்பைச் சேர்ந்தது. குறுக்களவு ஏறத்தாழ மூன்றடி. அப்பகுதிக் கூடைகளில் சிவப்பு ரெட்பட் செடியிலிருந்தும் கறுப்பு பெரணி வேரிலிருந்தும் வருகின்றன. பின்னுவதற்குக் கணுவும் கிளையுமற்ற நேரான குச்சி வேண்டும். எரிந்த புதர் மறுபடி துளிர்க்கும்போதுதான் அத்தகைய குச்சி தாராளமாகக் கிடைக்கும். அதாவது, வாட்கின்ஸ் கண்ட புல்வெளியைத் திறந்து வைத்ததும் கூடைக்குக் குச்சி தந்ததும் ஒரே தீ, ஒரே உழைப்பு.

இவ்விரண்டையும் அருங்காட்சியக மரபு பிரித்து வைத்தே பழகியிருக்கிறது. புகைப்படம் கலை, கூடை கைவினை. முன்னதற்குக் கலைஞனின் பெயர், பின்னதற்கு இனத்தின் பெயர் போதும். லூசி டெல்லஸின் பெயர் நின்றது அபூர்வம். 1851-ல் நிலத்தில் நடந்த அப்புறப்படுத்தலைத்தான் இந்தப் பெயர்ச்சீட்டு வேறு விதத்தில் தொடர்கிறது.

அப்படியானால் வாட்கின்ஸை நிராகரிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த அழகு மெய்யானது. அதைத் தூக்கியெறிவது செலவில்லாத ஒழுக்கம். எனக்கு ஒப்பாதது வேறு. படைப்பைப் படைப்பாக மட்டும் பார், அதன் பின்னணி சமூகவியலாளன் பாடு என்று நம் வட்டத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கூடையைப் பற்றித் தெரியாதவரை, படத்தில் அந்த மரங்கள் ஏன் விலகி நிற்கின்றன என்பதே என் கண்ணில் படவில்லை. தெரிந்தபின் அந்த இடைவெளிகளில் மனிதக் கை தெரிகிறது. இது ரசனைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய அறம் ஆகாது. பார்ப்பது என்ற செயலே இதனால்தான் முழுமை பெறுகிறது. படிமத்தின் தூய்மையைப் பேசும் நம் கவிஞர்களும் இதை யோசிக்கலாம்: தம் கவிதையின் வெற்று வெளி யார் போனதால் வெறுமையானது?

அம்மக்களின் கடைசிக் கிராமம் 1969-ல் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்டது. காட்டைக் காக்கத் திட்டமிட்டுத் தீ வைக்கும் முறையைப் பூங்கா நிர்வாகம் 1970-ல் தானே தொடங்கியது. இவ்விரு ஆண்டுகளையும் வாட்கின்ஸ் படத்தின் கீழே எழுதி வைத்தால், படத்தின் அழகு ஒரு துளியும் குறையாது என்பது என் கட்சி.