இரவல் புத்தகம்

குரோய்டன் லண்டன் ரோட்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே சின்ன அறை. ஞாயிறுதோறும் ஐயா அங்கே சைவசித்தாந்தம் படிப்பிப்பார். அன்று அடைமழை, வந்தது ஒரேயொரு பிள்ளைதான், பல்கலைக்கழகத்தில் படிப்பவள். குரு, சீடன் என்று போடுவது மரபு. சீடனுக்குப் பெண்பால் தேடப்போனால் பலகாரத்தில் போய் முடியும். ஆகவே ஐயா, பிள்ளை என்றே எழுதுகிறேன்.

பிள்ளை: அப்பப்பாவின்ர லொஃப்ட்டைத் துப்பரவாக்கினனாங்கள், ஐயா. ஒரு சூட்கேஸ் நிறையப் புத்தகம். லூனர் ஹவுஸ் குடிவரவுக் கந்தோர் வரிசையில நிக்கேக்க கையில வைச்சிருந்த அதே சூட்கேஸ் எண்டு அப்பா சொன்னார்.

ஐயா: என்னென்ன இருக்கு?

பிள்ளை: தேவாரம், கந்தபுராணம், ஒரு நிகண்டு, பழைய பஞ்சாங்கம் ஆறு. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கரைச்சல் தாறது இந்த ஒண்டுதான்.

ஐயா: கோழி வளர்ப்பு! இராமபாணம் நல்லாத் துளைச்சிருக்கு. பொலித்தீன் பையில இறுக்கிச் சுத்தி ரெண்டு கிழமை ஃப்ரீசரில வை. பூச்சி செத்துப்போம்.

பிள்ளை: மீனுக்குப் பக்கத்திலயோ? அம்மா கொல்லுவா. அட்டையின்ர உள்பக்கத்தைப் பாருங்கோ, ஐயா.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முத்திரை. எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய தாளில் திகதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் குத்தியபடி. கடைசித் திகதி 1981 மே 14.

பிள்ளை: நூலகம் எரிஞ்சது மே 31 இரவும் ஜூன் 1உம். சொன்ன நாளில குடுத்திருந்தால் இதுவும் சாம்பல். அப்பப்பா விட்ட பிழைதான் இதைக் காப்பாத்தியிருக்கு. அப்ப அது பிழையோ, நல்லதோ?

ஐயா: பிந்தேக்க, நெருப்பு வருமெண்டு அவருக்குத் தெரியுமோ?

பிள்ளை: எப்பிடித் தெரியும்?

ஐயா: அப்ப அவர் காப்பாத்தேல்லை. சோம்பல்பட்டிருக்கிறார். பின்னால வந்த பலனை வைச்சு முன்னால செய்த செயலுக்குப் பேர் மாத்தலாமெண்டால், நாள் தவறாமல் கொண்டுபோய்க் குடுத்த சனமெல்லாம் புத்தகத்தை நெருப்பில போட்டவை எண்டு வரும். ஒத்துக்கொள்ளுவியோ?

பிள்ளை: மாட்டன். அது அநியாயம். ஆனால் ஒரு ஆத்திரம் இருக்கு, ஐயா. தொண்ணூற்றேழாயிரம் எண்டு சொல்லுறாங்கள், புத்தகமும் சுவடியுமா. நெருப்பைப் பார்த்த அதிர்ச்சியில தமிழறிஞர் தாவீது அடிகள் செத்தே போனார் எண்டு அப்பம்மா இப்பவும் சொல்லுவா. அவ்வளவிலயும் தப்பி எங்கட கைக்கு வந்தது கோழி வளர்ப்போ? வேறெதாவது தப்பியிருக்கக் கூடாதோ?

ஐயா: எது?

பிள்ளை: ஒரு சுவடி. ஏதாவது பெறுமதியானது.

ஐயா: சுவடியை ஆர் இரவல் குடுப்பான்? அது பூட்டின அலுமாரிக்குள்ள இருந்தது, அதோட எரிஞ்சது. வீட்டுக்குப் போறது நாளைக்குத் தேவையான புத்தகம். இந்த நூலகத்துக்கு வித்திட்ட செல்லப்பா 1933இல தன்ர வீட்டில புத்தகம் இரவல் குடுக்கத் தொடங்கினதும் ஊர்ச்சனம் வாசிக்கட்டும் எண்டுதான். சரி, இந்தத் தாளில எத்தனை திகதி இருக்கு?

பிள்ளை: பத்தொன்பது.

ஐயா: பத்தொன்பது கோழிக்கூடு. ஆட்சேபணை இருக்கோ?

பிள்ளை: (சிரித்து) இல்லை. ஆனால் இன்னொரு கேள்வி. இருப்பது அழியாது, தன் காரணத்தில ஒடுங்கும் எண்டு படிப்பிச்சனீங்கள். குடம் உடைஞ்சால் மண். நூலகம் எரிஞ்சால்?

ஐயா: சாம்பல்.

பிள்ளை: மண்ணில திரும்பக் குடம் வனையலாம். சாம்பலில?

ஐயா: வனையேலாது. புத்தகத்துக்குக் காரணம் கடதாசி மட்டுமில்லை, பிள்ளை. அச்சுப் புத்தகமெண்டால் வேறை பிரதி எங்கயோ கிடக்கும், திரும்ப அச்சடிக்கலாம். எழுதினவன், வாசிச்சவன், படியெடுத்தவன், இவையளில ஒராளாவது மிஞ்சியிருந்தால் ஒடுங்கினது எண்டு சொல்லலாம். ஒரேயொரு பிரதியாய் இருந்த சுவடி எரிஞ்சால்...

பிள்ளை: எரிஞ்சால்?

ஐயா: என்னட்டை மறுமொழி இல்லை. உலகம் ஒடுங்கிறதைப் பற்றிச் சாத்திரம் சொல்லுது. மனுசன் வைச்ச நெருப்புக்கு அதைப் பொருத்த நாற்பது வருசமாய் முயற்சி செய்யிறன். பொருந்தேல்லை. பொருந்தினமாதிரி உனக்குப் படிப்பிக்க விருப்பமும் இல்லை.

கீழே கடைக்கு லொறி வந்து நின்றது. வாழைக்குலைகளை இறக்கும் சத்தம் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளை: அப்பா இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில மாட்டப்போறாராம். இது இப்ப ஆருடையது, ஐயா?

ஐயா: நீ சொல்லு. இரவல் குடுத்தவர் செத்தால் கடன் தீருமோ?

பிள்ளை: தீராது. ஆனால் இங்க குடுத்தவர் ஆள் இல்லையே, கட்டடம். அது எரிஞ்சுபோச்சு.

ஐயா: கட்டடமோ இரவல் தந்தது?

பிள்ளை: (யோசித்து) இல்லை. ஊர். அந்தக் கட்டடத்தையும் திருத்தி 2003இல திரும்பத் திறந்திட்டாங்கள். அப்ப குடுக்கிறதுக்கு இடமும் இருக்கு.

ஐயா: அவைக்கு இனி இது தேவையோ எண்டு கேப்பினம், உன்ர வீட்டில.

பிள்ளை: தேவை பார்த்தோ கடன் குடுக்கிறது? முதல் ஒவ்வொரு பக்கமாய்ப் படமெடுத்து ‘நூலகம்’ எண்ட இணையத்தள ஆக்களுக்கு அனுப்புறன். 2005இலயிருந்து அவை எங்கட புத்தகங்களை இணையத்தில சேர்த்துக்கொண்டிருக்கினம். பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதுறன்.

ஐயா: அப்பாவுக்கு?

பிள்ளை: சட்டத்துக்குள்ள வைச்சால் ஒருத்தரும் திறந்து பாக்கேலாது எண்டு சொல்லுவன். சண்டை வரும். வரட்டும். ஒரு விசயம், ஐயா. திருப்பிக் குடுக்கமுந்தி இதையெல்லாம் அழிக்கவேணுமோ? கடைசி வெற்றுப் பக்கத்தில அப்பப்பா முட்டைக் கணக்கு எழுதியிருக்கிறார். நூலகப் புத்தகத்தில எழுதினதும் பிழைதானே.

ஐயா: எதால எழுதினவர்?

பிள்ளை: பென்சில். மெல்லிசாய், அமத்தாமல்.

ஐயா: அழிச்சுப்போட்டுக் குடுக்கலாமெண்டு நினைச்சிருக்கிறார். அப்ப குடுக்கிற எண்ணம் இருந்திருக்கு. சோம்பல் எண்டு சொன்னதைத் திருப்பி எடுக்கிறன். வாசி பாப்பம்.

பிள்ளை: மே 28, எட்டு. 29, ஏழு. 30, எட்டு. 31, எட்டு. பிறகு ஒண்டு, ரெண்டு, மூண்டாம் திகதி இல்லை.

ஐயா: கோழி இடாமலோ இருந்திருக்கும்?

பிள்ளை: இட்டிருக்கும். இவர் எடுக்கேல்லை. இந்தா, ஜூன் 4. இருபத்தெட்டு. நாலு நாள் முட்டையையும் ஒண்டாய் எடுத்திருக்கிறார். பக்கத்தில ரெண்டு உடைவு எண்டு எழுதியிருக்கு. ஆனால் ஐயா...

ஐயா: என்ன?

பிள்ளை: இது பென்சில் இல்லை. நாலாம் திகதியிலயிருந்து முழுக்கப் பேனை.