நாரா நகரில் ஒரு பகல்



கி.பி. 710 முதல் 784 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, ஜப்பானியச் சக்கரவர்த்திகளின் ராஜதானியாக விளங்கிய நாரா நகரத்துக்கு வரும் யாத்திரிகர்களை, கையில் சிறு கொடி ஏந்திய வழிகாட்டி பெரும்பாலும் முதலில் அழைத்துச் செல்வது தோதாய்ஜி ஆலயத்துக்கே. மானுக்கென்றே விற்கும் தவிட்டு அப்பத்துக்காக அங்குள்ள மான்கள் தலை தாழ்த்தி நிற்பதைக் கண்டு களித்தபடியே உள்ளே சென்றால், சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வைரோசன புத்தரின் வெண்கலத் திருமேனி! போர்த் தீயில் இருமுறை அழிந்து மீண்டும் எழுந்த மண்டபத்தின் அளவுகளையெல்லாம் வழிகாட்டி சொல்லட்டும். ஆனால் 752-ஆம் ஆண்டில் அங்கே நிகழ்ந்த கண் திறப்பு வைபவத்தை அவர் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பெரியம்மை கொள்ளை நோயாகப் பரவி நாட்டைச் சூறையாடிய சில ஆண்டுகளுக்குப் பின், 743-இல், இத்திருமேனியை வார்க்கச் சங்கற்பித்த ஷோமு சக்கரவர்த்தி, ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ விரும்புபவனையும் தடுக்கலாகாது என்று ஆணையிட்டார். திருமேனிக்குக் கண் எழுதும் பேறு, நம் பாரத நாட்டிலிருந்து சென்ற துறவி போதிசேனருக்குக் கிட்டியது. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட பட்டுக் கயிறு கட்டப்பட, கூடியிருந்தோர் அதனைப் பற்றிக்கொண்டு, அந்தப் புண்ணியத்தில் தாமும் பங்கு பெற்றனர். அத்தூரிகையும் கயிறும் ஆலயத்தின் பின்னே இருந்த ஷோசோயின் பொக்கிஷசாலையில் பேணப்பட்டு, இன்றளவும் அழியாமல் இருக்கின்றன.

சக்கரவர்த்தி வாழ்ந்த அரண்மனையோ அவ்வாறு நிலைக்கவில்லை. ராஜதானி பெயர்ந்தபின் அது நெல்வயலாயிற்று. இன்று அதன் ஊடே ரயில் ஓடுகிறது. அண்மைக் காலத்தில் ஒரு வாயிலையும் மண்டபத்தையும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்றாலும், பெரும்பகுதி வெறும் புல்வெளியே. பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று பயணக் கூட்டங்கள் பல அதைத் தவிர்த்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில் நிலத்தடி ஈரம் காத்து வைத்த பல்லாயிரம் மரச்சீட்டுகள், 1961 முதல் அங்கேதான் அகழ்ந்தெடுக்கப்பட்டன. விரல் நீளமே உள்ளவையும் அவற்றில் உண்டு. உப்பும் கடற்பாசியும் வரியாக வந்த மூட்டைகளில், இன்ன ஊரிலிருந்து இன்னார் செலுத்தியது என்று மையால் எழுதிக் கட்டியவை சில. பழைய எழுத்தைக் கத்தியால் சீவிவிட்டுக் குமாஸ்தாக்கள் மீண்டும் எழுதியவை சில. சீவிய சிராய்கள்கூட எழுத்தோடு அகப்பட்டிருக்கின்றன. அரசாங்க வரலாறு பெயர் குறிக்காத குடியானவன், தான் கட்டிய உப்பு மூட்டையின் சீட்டினால் நம்மை வந்தடைகிறான்.

நாரா செல்லும் அன்பர்கள், மான்களோடு கழிக்கும் பொழுதில் ஒரு மணி நேரத்தையேனும் மிச்சப்படுத்தி, அரண்மனை நிலத்துக்கும் அங்குள்ள காட்சிசாலைக்கும் அழைத்துச் செல்லுமாறு வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள். பிற்பகலில் கேட்டால் நேரமில்லை என்றுதான் சொல்வார்.